வன்னித் தடங்கள் – 31: உயிரோடு பிடிபட்டவர்கள்

கிளாலிக் கடலில் இராச் சாமத்தில் படகேறிய சனத்தைப் பற்றிப் போன கிழமை எழுதியிருந்தேன். அந்தச் சனம் கரையேறிய வன்னிக்குள்ளேயே, அடுத்து வந்த ஆண்டுகளில், இன்னொரு சிறு கூட்டமும் இருந்தது. சிங்களம் பேசுகிறவர்கள். சிலர் கடற்படை, சிலர் இராணுவம். விடுதலைப் புலிகளின் காவலில் இருந்த போர்க்கைதிகள். வன்னியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சமர்களையும் இடப்பெயர்வுகளையும் எழுதிவிட்டு இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இவர்கள் முக்கியமாகப் படுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே வருடக்கணக்காக வாழ்ந்த இடம் இந்தப் போரில் இதைப்போல் வேறு அதிகம் இல்லை.

1994 செப்டெம்பர் 19ஆம் திகதி இரவு, மன்னார்க் கடலில் நின்ற ‘சாகரவர்தன’ என்ற போர்க்கப்பலை, புலிகளின் தற்கொலைப் படையினரான கடற்கரும்புலிகள் வெடிமருந்து ஏற்றிய படகுகளால் மோதித் தாழ்த்தினார்கள். கொழும்பில் கட்டிய கப்பல் அது. அன்றைக்குக் கடற்படையிடம் இருந்த பெரிய கப்பல்களில் ஒன்று. அதன் தளபதி அஜித் போயகொட கடலுக்குள் கிடந்தார். கப்பலைத் தாழ்த்தியவர்களின் படகுதான் அவரைத் தூக்கியது. அந்த இரவு தொடங்கிய சிறை எட்டு ஆண்டுகள் நீண்டது. புலிகள் உயிரோடு பிடித்துவைத்திருந்த படை அதிகாரிகளில் அவரைவிட உயர்ந்த தரத்தில் வேறொருவர் இருக்கவில்லை.

ஏன் தூக்கினார்கள் என்ற கேள்வியில்தான் இந்த வாரத்து விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. தண்ணீரில் தத்தளிக்கிறவனைக் கண்டால் கை நீட்டுவது கடலோடிகளின் வழக்கம் என்று சொல்லலாம். அது பாதி. மற்றப் பாதியைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கைதிகளுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு தலைமுறைக்கே பாடமாயிற்று. கழுத்தில் தொங்கிய சயனைட் குப்பிக்குப் பின்னால் அந்தப் பாடமும் இருந்தது. 1987 ஒக்டோபரில் கடலில் பிடிபட்ட புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிருவர், கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பலாலியில் குப்பி கடித்து இறந்தார்கள். அதற்குப் பழியாக, புலிகள் தம் காவலில் வைத்திருந்த இராணுவத்தினர் எட்டுப் பேரைக் கொன்றார்கள். அந்த எட்டுப் பேருக்கும் பலாலியில் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். உயிரோடு பிடிபட்டதாக வெளியே வந்த பெயர்கள் மிகச் சொற்பம். இந்தப் போரில் உயிரோடு பிடிபடுவது அபூர்வம், பிடிபட்ட பிறகு உயிரோடு இருப்பது அதைவிட அபூர்வம்.

இதற்கு மாறான ஒரு மரபும் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. 1986 இறுதியில் யாழ்ப்பாணத்தில் புலிகளின் தளபதி கிட்டுவும் இராணுவத்தின் கப்டன் கொத்தலாவலவும் நேருக்கு நேர் பேசிக் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். பிடிபட்டிருந்த புலி அருணா திரும்பி வந்தார். இராணுவத்தினரும் வீடு போனார்கள். உயிருள்ள எதிரிக்கு ஒரு விலை உண்டு என்பதை இரண்டு பக்கமும் அன்றைக்குக் கண்டுகொண்டன. மன்னார்க் கடலில் போயகொடவைத் தூக்கிய கைக்குள் இந்தக் கணக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. மனிதாபிமானம் என்று மட்டும் சொல்லிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விலை இல்லாமல் எட்டு வருடம் மனிதாபிமானம் மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்குமா?

1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தில் சூரய, ரணசுறு கப்பல்கள் தகர்க்கப்பட்டதோடு ஜனாதிபதி சந்திரிகாவுடனான போர்நிறுத்தம் முறிந்தது. ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தது. யாழ்ப்பாணம் கைவிட்டுப் போகப் போக, புலிகள் தங்கள் முகாம்களை, பணிமனைகளை, ஆவணங்களை வன்னிக்கு நகர்த்தினார்கள். கைதிகளையும் நகர்த்தினார்கள். பின்வாங்குகிற படைக்குக் கைதி என்பவர் சுமை. ஒருவரைக் காக்க மூன்று நான்கு பேர் வேண்டும், சோறு வேண்டும், வாகனத்தில் இடம் வேண்டும். அப்படியிருந்தும் கொண்டுவந்தார்கள்.

வன்னிக்கு வந்த பிறகு நிலைமை வேறு வடிவம் எடுத்தது. காவல்காரனும் கைதியும் ஒரே பொறிக்குள் அகப்பட்டார்கள்.

அந்தக் காலத்து வன்னியை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தெற்கே வவுனியாவில் இராணுவம். வடக்கே ஆனையிறவிலும், 1996 செப்டெம்பரில் இருந்து கிளிநொச்சியிலும் இராணுவம். கடலில் கடற்படை. மேலே கிபிர்க் குண்டுவீச்சு விமானம். நடுவில் காடு, குளம், வயல், இடம்பெயர்ந்த சனத்தின் தரப்பாள் கொட்டில்கள். ஒரு கைதி தப்பி ஓட நினைத்தால் முதலில் புலிகளின் காவலரண்களைத் தாண்ட வேண்டும். பிறகு ‘ஜொனி’ மிதிவெடி விதைத்த காடு. அதற்கப்பால் இராணுவத்தின் மிதிவெடி வயல். கடைசியாக, இருட்டுக்குள் அசைகிற எதையும் சுடுகிற சென்றி. அங்கே சீருடை இல்லாமல், மெலிந்து, தாடியோடு வருகிற ஒருவன் ‘நான் நேவி’ என்று கத்தி முடிக்கும்வரை யார் பொறுத்திருப்பார்கள்? சொந்தப் படையிடம் போய்ச் சேர்வதுதான் அந்தப் பயணத்தின் மிக ஆபத்தான கடைசி நூறு மீற்றர்.

குண்டுக்கும் ஆள் தெரியாது. இலங்கை விமானப்படைக்கு 1996இல் கிபிர் விமானங்கள் வந்தன. கிபிரின் இரைச்சல் கேட்ட மறுகணம் பங்கருக்குள் பாய்வது வன்னியில் குழந்தைகளுக்கும் பழகிய செயல். கைதிகளுக்கும் அதே விமானம், அதே குண்டு. தான் சத்தியம் செய்து சேர்ந்த அரசின் விமானத்துக்குப் பயந்து, தன் கப்பலைத் தாழ்த்திய இயக்கத்தின் பதுங்குகுழிக்குள் ஒரு கடற்படைத் தளபதி ஒதுங்க வேண்டியிருந்தது. அந்தக் குழிக்குள் காவல்காரப் பெடியனுக்கு ஒரு பொறுப்பு: கைதி செத்தால் அவன் பதில் சொல்ல வேண்டும். கைதிக்கும் ஒரு தேவை: அந்தப் பெடியன் செத்தால் அடுத்து வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாது. ஒருவர் உயிரை மற்றவர் பார்த்துக்கொள்வதற்கு அன்பு தேவைப்படவில்லை. அன்பு வந்திருந்தால் அது பிறகு வந்தது.

1997 மே 13இல் இராணுவத்தின் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவையும் கிளிநொச்சியையும் ஏ-9 வீதியால் இணைப்பதுதான் நோக்கம். ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்டு, மாங்குளம்வரை வந்து, 1998 டிசம்பரில் கைவிடப்பட்டது. இந்தக் காலம் முழுக்கக் கைதிகளின் சொந்தப் படை அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மீட்பு வருகிறது என்று மகிழ முடியுமா? படை ஒரு மைல் நெருங்கினால் கைதிகளை இன்னும் ஒரு மைல் காட்டுக்குள் நகர்த்துவார்கள். ஷெல் விழும் தூரத்துக்குள் வந்தால் முதலில் சாவது அவர்களாகவும் இருக்கலாம். நெருங்கி வருகிற சொந்தப் படையைப் போல ஒரு கைதியைக் கலங்கவைப்பது வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம், பற்றரி, சீமெந்து, பசளை, எரிபொருள், மருந்து எல்லாமே வவுனியாவில் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் எழுதியது கொழும்பு நடத்திய பரீட்சை. ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொழும்பு கொடுத்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தாவது இயங்கின. நிவாரண அரிசியும் பருப்பும் சீனியும் கொழும்பிலிருந்து லொறியில் வந்து சங்கக்கடையில் இறங்கின. வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் அரசாங்க அதிபர்கள் சொன்ன எண்ணிக்கைக்கும் கொழும்பு ஒத்துக்கொண்ட எண்ணிக்கைக்கும் ஓயாத இழுபறி. அதைப் பொறுத்தே அரிசி கூடும், குறையும். குறைந்தால் அந்த நிலத்தில் இருந்த எல்லாருக்கும் குறையும். தன் அரசு போட்ட தடையின் ருசியை அறிந்த அரச படையினர் இந்தக் கைதிகள்தான்.

நுளம்புக்கு இரண்டு பக்கமும் ஒன்று. 1999இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் பதிவாயின. போர் நடந்த மாவட்டங்கள் அதில் மோசமாக அடிபட்டவை. காட்டுக்குள் பதுங்கியிருந்த புலிக்கும், மண் அணைக்குப் பின்னால் கிடந்த சிப்பாய்க்கும், பூட்டிய கொட்டிலில் இருந்த கைதிக்கும் அதே நடுக்கம். இந்த விஷயத்தில் சண்டைக்காரர்கள் ஒத்துழைத்தார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அரசின் மலேரியாத் தடை ஊழியர்கள் புலிகளின் பகுதிக்குள் வேலை செய்தார்கள். நுளம்பு வலைகளும் மருந்தும் உள்ளே போயின. 1995இல் இருந்து போலியோச் சொட்டு மருந்து கொடுக்கிற நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை அடக்கி வைத்தன. 2012க்குப் பிறகு நாட்டுக்குள் தொற்றிய மலேரியா இல்லாமற்போய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தபோது, அந்த வெற்றியில் வன்னிக் காட்டுக்குள் சைக்கிளில் மருந்து கொண்டுபோனவர்களின் பங்கை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

கைதிகளுக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் இருந்தது செஞ்சிலுவைக் குழு. சனம் சொல்கிற பேரில் ஐ.சி.ஆர்.சி. 1989 முதல் இலங்கையில் இருந்தது. கைதிகளைப் பார்த்துப் பெயர் பதிந்தது, குடும்பங்களின் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தது. பெயர் ஒருமுறை ஜெனீவாப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அந்த ஆளைக் காணாமல் ஆக்குவது கஷ்டம். கைதி உயிரோடிருக்கிறான் என்று மற்றத் தரப்புக்குத் தெரிந்தால்தான் அவனுக்கு விலை. அதனால் பிடித்துவைத்திருந்தவர்களுக்கும் அந்தப் பதிவு தேவைப்பட்டது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். துணுக்காயில் 1990களின் தொடக்கத்தில் புலிகள் நடத்திய சிறையில் அடைபட்ட தமிழர்களுக்கு இந்த விலை இருக்கவில்லை. மாற்று இயக்கத்தவன், உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டவன், கேள்வி கேட்டவன். அவர்களுக்கு ஈடாக யாரையும் கொடுக்கச் சித்தமாக எந்த அரசும் இல்லை. எதிரிப் படையின் அதிகாரி வீடு திரும்பினார். சொந்தச் சனத்தில் பலர் அங்கிருந்து திரும்பவில்லை. அதே போல, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் 2000 ஒக்டோபரில் ஊர்க் கும்பலால் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ் தடுக்கவில்லை. அந்த ஒக்டோபரில் போயகொட வன்னியில் கைதியாக இருந்தார். 1987இல் நடந்த மாதிரி இதற்கும் பழி தீர்த்திருக்கலாம். கைதிகள் தப்பினார்கள். பதின்மூன்று வருடங்களில் கணக்கு மாறியிருந்தது.

2002 பெப்ரவரி 22இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வவுனியாவில் வைத்துப் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். புலிகளின் தலைவர் பிரபாகரன் வன்னியில் முந்திக் கையெழுத்திட்டிருந்தார். ஏப்ரலில் ஏ-9 திறந்தது. திறப்பதற்கு முதல், இரண்டு படைகளும் தம் தம் பக்கத்தில் தாம் விதைத்த கண்ணிவெடிகளைத் தாமே கிளற வேண்டியிருந்தது. நடுவில் நின்றது நோர்வே.

நோர்வே என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. 1940 ஏப்ரல் 27. நோர்வேயின் குரோட்லி மலைப்பக்கம், பனி. பார்ட்ரிட்ஜ், பொஸ்டொக் என்ற பிரித்தானிய விமானிகள் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார்கள். அவர்களுடைய ஸ்குவா விமானமும் உறைந்த ஏரியில் இறங்கியது. ஒதுங்க ஒரு வேட்டைக் குடிசை கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் வீழ்ந்த ஜெர்மன் விமானத்தில் உயிர்தப்பிய மூவரும் அதே குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள், கையில் ஆயுதத்தோடு. உங்களைச் சுட்டு வீழ்த்தியது நாங்கள்தான் என்று பிரித்தானியர் சொல்லவில்லை. வேறொரு குண்டுவீச்சு விமானத்தின் ஆட்கள் என்று சமாளித்தார்கள். அந்தப் பொய்யின் மேல் இரவு கழிந்தது. மறுநாள் நோர்வே ரோந்துப் படை வந்தது. ஜெர்மனியரில் ஒருவர் சுடப்பட்டார். பொஸ்டொக் அந்த ஜூனிலேயே இன்னொரு தாக்குதலில் மாண்டார். பார்ட்ரிட்ஜும் ஜெர்மன் விமானி ஷோபிஸும் 1977இல் நண்பர்களாகச் சந்தித்தார்கள். 2012இல் படமாகவும் வந்தது.

அழகான கதை. ஆனால் வன்னிக்கு அளவாகாது. குரோட்லியில் இரண்டு தரப்பும் பனிக்கு முன்னால் கிட்டத்தட்டச் சமம், அதுவும் ஒரே ஒரு இரவுக்கு. வன்னியில் துப்பாக்கி எப்போதும் ஒருவன் கையில் இருந்தது. அது எட்டு வருடம் நீண்டது. குரோட்லிக்காரர்கள் ஒரு பொய்யால் பிழைத்தார்கள். எட்டு வருடத்தைப் பொய்யால் ஓட்ட முடியாது. ஒருவரையொருவர் அறிந்துதான் ஆக வேண்டும்.

2002 செப்டெம்பர் 16 முதல் 18 வரை தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதற் சுற்றுப் பேச்சு நடந்தது. பத்து நாளில், செப்டெம்பர் 28இல், ஓமந்தையில் செஞ்சிலுவைக் குழுவின் முன்னிலையில் கைதிகள் கைமாறினார்கள். புலிகளின் பக்கத்திலிருந்து ஏழு பேர், போயகொட உட்பட. அரசின் பக்கத்திலிருந்து பதின்மூன்று பேர். அவர்களில் 1994 ஓகஸ்ட்டில் பலாலி விமானத்தளத் தாக்குதலில் பிடிபட்ட கரும்புலி கெனடியும் ஒருவர். சாகப் போனவர் ஒருவர், கடலில் சாகவிருந்தவர் ஒருவர். ஏறக்குறைய ஒரே காலத்தில் பிடிபட்டு எட்டு வருடம் ஒருவருக்கொருவர் ஈடாக உயிரோடு வைக்கப்பட்டிருந்தார்கள் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

இந்தப் படையினர் திரும்பி வந்தது, காணாமற்போன படையினரின் தாய்மார் பலரின் நெஞ்சில் நெருப்பைக் கிளப்பியது. அதற்கு நான்கு வருடம் முந்தி, 1998 செப்டெம்பர் 27இல், கிளிநொச்சிச் சமர் தொடங்கியது. புலிகள் நகரைத் திரும்பப் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்களின் உடல்கள் செஞ்சிலுவைக் குழு வழியாகத் தெற்குக்குப் போயின. பலரை அடையாளம் காண முடியவில்லை. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் அந்தச் சமரில் காணாமற்போன இளம் அதிகாரி. அவர் காணாமற்போன படையினரின் பெற்றோரைத் திரட்டினார். தாய்மாரோடு வன்னிக்கு வந்து புலிகளைச் சந்தித்தார். அவர் கேட்டது மிகச் சாதாரணமானது: போர்க்களத்தில் எல்லாரும் கழுத்தில் அடையாளத் தகடு போடுங்கள், போட்டிருப்பவனின் தகட்டை மதியுங்கள். கழுத்தில் குப்பி தொங்கிய போராளிகளிடமும் இதைத்தான் கேட்டார்.

போயகொட பின்னாளில் கொமடோர் தரத்தோடு ஓய்வு பெற்றார். அவர் சொல்லச் சொல்ல சுனிலா கலப்பத்தி எழுதிய ஆங்கில நூல் 2016இல் வந்தது; தமிழிலும் ‘நீண்ட காத்திருப்பு’ என்ற பெயரில் கிடைக்கிறது. தன்னை மனிதனாகவே நடத்தினார்கள் என்று அவர் அதில் சொல்கிறார். இது தெற்கில் பலருக்கு உறுத்தியது. சித்திரவதைக் கதை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தமிழ் வாசகர்களில் சிலர் அதே வரியைப் புலிகளுக்குக் கிடைத்த நற்சான்றிதழாகத் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு வாசிப்பும் சோம்பேறித்தனமானவை. அவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். அவருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கவில்லை.

2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 மறுபடி மூடியது. 2008 ஜனவரி 16இல் உடன்படிக்கையே இல்லாமற்போயிற்று. அதற்குப் பிறகு ஓமந்தையில் நடந்தது போன்ற ஒரு கைமாற்றம் நடக்கவில்லை. ஒரு தரப்பு முழுவதையும் வெல்லப் போகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்குக் கைதியால் என்ன பயன்?

2009 மே 18இல் வட்டுவாகலில் பலர் இராணுவத்திடம் சரணடைந்தார்கள். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் அவர்களோடு போனார். மனைவிமாரும் தாய்மாரும் கண்ணால் பார்த்து நிற்க, பஸ்களில் ஏற்றினார்கள். பெயர்ப் பட்டியலை வெளியிலிருந்து பதிய அங்கே யாரும் இருக்கவில்லை. ஈடு கேட்க மறுபக்கத்தில் ஒரு படையும் மிஞ்சவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017இல் தொடங்கிய தாய்மாரின் வீதியோரப் போராட்டங்களில் எங்கே என்று கேட்கப்பட்டவர்களில் இவர்களும் அடக்கம். அன்று சரணடைந்த திருகோணமலை அரசியற்துறைப் பொறுப்பாளர் எழிலனை நீதிமன்றத்தில் நிறுத்தும்படி, மனைவி அனந்தி சசிதரன் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. இராணுவம் இன்னும் அவரை நிறுத்தவில்லை.

(தொடரும். அடுத்த வாரம்: 2004 டிசம்பர் 26, முல்லைத்தீவுக் கரை)